இருட்டிலும் நிற்காத கை

தட்டச்சு நிலையங்களில் புதிதாக ஆசிரியராகச் சேரும் பிள்ளைகள் சில பேர் என்னைப் பார்க்க வருவார்கள். வந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: "மிஸ், ஸ்டூடன்ட்ஸுக்கு ஜல்தியா ஸ்பீடு வர என்ன பண்ணணும்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. காபி கொடுத்து, உட்கார வைத்து, வசந்தாவைப் பற்றிச் சொல்வேன். பாதியில் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இப்போது எழுத்தில் சொல்கிறேன். கடிகாரம் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. ஆனால் முழுக்கப் படித்துவிடுங்கள். வேகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு மனுஷியிடம் கற்றதுதான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஆரணியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிலையம் இருந்தது. முன்பக்கம் பஸ் ஹாரன், பின்பக்கத் தெருவில் தறிச் சத்தம், நடுவில் எங்கள் மிஷின்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும், பிறகு பழகிவிடும். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. என் படிப்பெல்லாம் ஜாப் டைப்பிங்கில் வந்தது. வக்கீல் கொண்டுவரும் பத்திரத்தை அடித்து அடித்துச் சட்டம் கொஞ்சம் தெரிந்தது. படவேட்டுப் பக்கத்து விவசாயிகளின் மனுக்களை அடித்து, ஏரி எங்கே உடைந்தது, எந்தக் கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்பது தெரிந்தது. மூளையைப் பற்றித் தெரிந்ததும் அப்படித்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சாயங்கால பேட்சுக்குச் சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தவர் வசந்தா. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். பிறந்த வீடும் புகுந்த வீடும் பட்டு நெசவு. கணவர் மட்டும் தறியை விட்டு வெளியே வந்து, தாசில்தார் ஆபீசில் ஜீப் டிரைவராக இருந்தார். ஒருநாள் மாரடைப்பு. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். கருணை அடிப்படையில் வசந்தாவுக்கு டைப்பிஸ்ட் வேலை தருவதாக அரசாங்கம் சொன்னது. ஆனால் தமிழ்த் தட்டச்சில் இளநிலைத் தேர்வு பாஸ் செய்த சான்றிதழ் வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள். ஒரு முறை எழுதித் தோற்றுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். கெடு முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் இருந்தது. அதிலும் போனால் வேலை போனதுதான். அண்ணன் வீட்டுத் தறியில் காலத்துக்கும் கூலிக்கு உட்கார வேண்டும். அண்ணனும் அதற்குத் தயாராகவே இருந்தார்.

முதல் நாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"டீச்சர், எனக்கு மண்டையில ஏறுமா? முப்பத்தெட்டு ஆவுது."

"தறி எந்த வயசுல கத்துக்கிட்டீங்க?"

"அத யாரு கத்துக்கினாங்க. தறியாண்டயே பொறந்தோம், தறியாண்டயே வளந்தோம். அது தானா வந்துச்சி."

"தானா எதுவும் வராதுங்க. கஷ்டப்பட்டது மறந்துபோச்சு, அவ்வளவுதான்."

"எங்கப்பா தறி நாடாக் கட்டையாலயே முட்டியில அடிப்பாரு. அத மறக்கல" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

நெய்கிறவர்களின் விரலுக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இல்லாவிட்டாலும் தாளம் தவறாது. காலேஜ் பிள்ளைகள் நாலு எழுத்தைப் படபடவென்று அடித்து ஐந்தாவதுக்குத் தேடுவார்கள். மிஷினின் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வசந்தாவின் மிஷின் சிக்கியதே இல்லை. பக்கத்து மிஷினில் உட்காருகிற கல்பனா என்ற பெண், காலேஜில் படிப்பவள், வாய் நீளம், ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்: "மிஸ், அக்கா டேபிளுக்கு அடியில தறி ஓட்டிகினு இருக்காங்க." உண்மைதான். ஒவ்வொரு வரி முடிவிலும் வசந்தாவின் கால்கள் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியாது.

அந்தக் கால் நிற்க ஒரு மாதம் ஆயிற்று. தமிழ் மிஷினில் மெய்யெழுத்து அடிக்கும் முறையும் பிடிபட்டது. 'க்' என்று கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். மிஷினில் தலைகீழ்: புள்ளியை முதலில் அடித்துவிட வேண்டும், பிறகு எழுத்து. எழுதப் படித்த எல்லோருக்கும் முதலில் பேஜாராகத்தான் இருக்கும். வசந்தாவுக்கும் இருந்தது, பிறகு இல்லை.

அப்புறம்தான் அவர் பழைய கேள்வித்தாள்களைக் கேட்டார். எல்லா நிலையத்திலும் இருக்கிற வழக்கம்தான் இது: பழைய தேர்வுகளில் வந்த வேகப் பகுதிகளை ஒரு கட்டாக வைத்திருப்போம், தேர்வு நெருங்க நெருங்க மாணவர்கள் அதையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். வசந்தா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டார். படிப்பதற்கு ஒருவர் கேட்டால் நான் எதற்கு மறுக்கப்போகிறேன்.

வேகம் ஏறியது. ஏறியது என்றால், வாரத்துக்கு வாரம் கண்ணால் பார்க்கலாம். நான் அவர் அடித்த தாளைச் சுவரில் ஒட்டினேன். கல்பனா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அக்கா வீட்ல மிஷின் இருக்குதா மிஸ்?" என்று கேட்டாள்.

தேர்வுக்கு ஒரு மாதமும் கொஞ்சமும் இருந்தபோது, ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. மழைக்காலம், அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. கரண்ட் போனால் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும், அது எங்கள் விதி. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. டக் டக் டக் டக், அதே தாளம், வரி முடிவில் மணி, தாள் சுற்றிய வண்டியைத் தள்ளும் சத்தம், மறுபடி டக் டக். நான் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன். கல்பனாதான் இருட்டில் சொன்னாள்: "மிஸ், அக்காவுக்கு சாமி வந்துடுச்சி."

கரண்ட் வந்தபோது வசந்தா கடைசி வரியை அடித்து நிமிர்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கம், சந்தோஷம். நானும் தட்டிக்கொண்டே போய்த் தாளை உருவிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

பிறகு ஸ்டாண்டில் இருந்த கேள்வித்தாளைப் பார்த்தேன். அந்தப் பகுதி பின்பக்கத்திலும் தொடரும். வசந்தா பின்பக்கத்தையும் முழுக்க அடித்து முடித்திருந்தார். ஆனால் தாள் திருப்பப்படாமல் முன்பக்கமாகவே இருந்தது.

மறுபடி தட்டப்போன என் கை நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். தப்பைக் கண்டுபிடித்த உடனே அதை நாலு பேர் முன்னால் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மறுநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரத்துக்கு அவரை வரச் சொன்னேன். அவர் பார்த்திராத ஒரு கட்டுரையை ஸ்டாண்டில் வைத்தேன்.

"அடிங்க."

அவர் முதல் சொல்லைப் பார்த்தார். விரல் தேடியது. இரண்டாவது சொல்லில் நின்றது. அரைப் பக்கம் வருவதற்குள் நெற்றியில் வியர்வை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை அடிப்பதுபோல் இருந்தது. கட்டுக்குள் இருந்த பழைய தாள்கள் எல்லாவற்றையும் அவர் மனப்பாடம் செய்திருந்தார். வீட்டுத் தறியில் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஒரு சொல்லாக, வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஏற்றியிருந்தார். விரல்களுக்குத் தெரிந்தது எழுத்துகள் இல்லை, அந்தக் கட்டுரைகள்.

"எங்க தறியில இதான் வேலை டீச்சர்" என்றார். குரல் உயர்ந்திருந்தது. "எந்தக் கலரு எங்க வருது, எத்தினி ஊடைக்கு அப்பறம் புட்டாப் பூ வருது, அல்லாம் உடம்புல ஏறிடணும். பாத்துப் பாத்து நெய்தா சிரிப்பாங்க. நீங்க இன்னா சொன்னீங்க, கை பழகணும்னு சொன்னீங்களா இல்லியா? பழகிச்சி. இப்ப வந்து தப்புன்றீங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. அவருக்குத் தெரிந்த உலகத்தில், ஒரு வேலையைக் கற்றுக்கொள்வது என்றால் அதுதான். ஒரு டிசைனை முழுசாக உடம்பில் ஏற்றிவிட்டால், அந்தப் புடவை முடியும் வரை அது கூடவே வரும். நூறு புடவைக்கு அதே டிசைன் வரலாம். தேர்வில் மட்டும்தான் அதே டிசைன் வராது.

"கை பழகியிருக்குதுங்க. எதுக்குப் பழகியிருக்குதுன்றதுதான் கேள்வி" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் டாக்டர் வருகிறார். அரசு ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த சின்ன வயசு டாக்டர் ஒருவர், மேல்படிப்புக்கு மூளையைப் பற்றி ஒரு நீளமான கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் அதை நான்தான் அடித்துக்கொடுத்தேன். அடிக்கும்போது எனக்கு அதில் பாதி புரியவில்லை. மீதிப் பாதியில் புரிந்தது இவ்வளவுதான்: மூளைக்குள் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எந்தப் பேச்சு அடிக்கடி நடக்கிறதோ அந்த இணைப்பு பலமாகிறது; நடக்காத பேச்சு தேய்ந்துபோகிறது. இது குழந்தைப் பருவத்தோடு முடிந்துபோகிற காரியம் இல்லை. கற்றதை உறுதிப்படுத்தும் வேலையின் ஒரு பங்கு நாம் தூங்கும்போது நடக்கிறது. இதையெல்லாம் அடித்தபோது வெறும் எழுத்தாகத்தான் அடித்தேன். வசந்தா இறங்கிப் போன மறுநாள் டாக்டர் திருத்தம் கொடுக்க வந்தபோது, அவரை மனசில் வைத்துக் கேட்டேன்.

"சார், நாப்பது வயசை நெருங்குற ஒருத்தருக்கு மூளை மாறுமா?"

"மாறும் மா. வேகம் கொஞ்சம் குறையலாம். ஆனா மாறும்."

நான் வசந்தாவின் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

"அவங்க மூளை நல்லாத்தானே மாறியிருக்கு. எதைப் பயிற்சி பண்ணாங்களோ அதுவா மாறியிருக்கு. பாத்து அடிக்கிறதைப் பயிற்சி பண்ணல, ஒப்பிக்கிறதைப் பண்ணாங்க. ஒப்பிக்கிறது வந்துடுச்சு."

"இன்னும் ஒரு மாசம்தான் சார் இருக்குது."

"எவ்வளவு வரும்னு நான் சொல்ல முடியாதும்மா. ஆனா ஒண்ணு. சுலபமா வர்றதையே செஞ்சா சந்தோஷமா இருக்கும், புதுசா ஒண்ணும் சேராது. தடுமாறணும். தப்பு பண்ணி, அது தப்புன்னு அங்கயே தெரியணும். அந்த நேரத்துலதான் மூளை வேலை செய்யுது."

அவர் போன பிறகு எனக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, வசந்தாவை அப்படியே விட்டுவிடுவது. தேர்வுப் பகுதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி பேசுகிறவைதான், தெரிந்த சொற்கள் வரும், தைரியமும் குலையாது, ஒருவேளை ஒப்பேற்றிவிடலாம். இன்னொன்று, அந்தத் தாள்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, ஏறின வேகத்தை இறக்கி, மறுபடி அடியிலிருந்து ஆரம்பிப்பது. அதற்கு ஒரு மாதம் போதாமல் போனால், மூச்சுத் திணறலோடு ஹாலுக்குள் போவார். முதல் வழியில் தோற்றால் அது விதி என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது வழியில் தோற்றால் டீச்சர் கெடுத்தாள் என்பார்கள்.

வசந்தா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கேள்வித்தாள் கட்டை என் மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க. நேத்து ராத்திரி சின்னவகிட்ட, பாடப் புத்தகத்துலருந்து ஒரு பக்கம் எடுத்துச் சொல்லு, நான் விரலால தரையில அடிச்சிப் பாக்குறேன்னேன். ரெண்டு வரிக்கு மேல போவல. நீங்க சொன்னது சரி. இன்னா பண்ணணும் சொல்லுங்க."

ஆக, முடிவை அவரே எடுத்துவிட்டார். நான் யோசித்ததெல்லாம் அவர் தரையில் விரல் வைத்துப் பார்த்ததற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஒரே ஒரு சட்டம் வைத்தேன்: எந்தத் தாளும் இரண்டாம் முறை கிடையாது. கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பாட்டிலோடு வரும் சீட்டு, கும்பாபிஷேக நோட்டீஸ், உரம் போடும் முறை என்று கிடைத்ததெல்லாம் ஸ்டாண்டில் ஏறியது. அதிலும் அவர் ஊகித்துவிடுவார்; ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் எப்படி முடியும் என்று கை முந்திக்கொள்ளும். இதற்கு மருந்து கண்டுபிடித்தது கல்பனா. கடலை வாங்கித் தின்றுவிட்டு, பொட்டலம் மடித்த காகிதத்தை நீவி ஸ்டாண்டில் வைத்தாள். பழைய செய்தித்தாள், நடுவில் கிழிந்தது, எந்த வாக்கியத்துக்கும் தலையும் இல்லை வாலும் இல்லை.

"இத ஊகிங்க பாக்கலாம்."

வசந்தா அடித்துப் பார்த்தார். கிழிந்த இடத்தில் கை தானாக மீதியை நிரப்பப் போயிற்று. நிறுத்தினார். அடுத்த வரி. மறுபடி நிறுத்தினார்.

"அய்ய, நல்லா கீதே" என்றார். அன்றிலிருந்து அந்த பேட்சில் யார் கடலை வாங்கினாலும் காகிதம் வசந்தாவுக்கு.

வேகம் பாதியாகச் சரிந்தது. ஒரேயடியாக உட்கார்ந்து அடிக்க விடவில்லை. கொஞ்சம் அடித்துவிட்டு, பால்கனியில் நின்று பஸ்ஸை வேடிக்கை பார்த்துவிட்டு, மறுபடி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து நாள் முழுக்க அடித்துவிட்டுப் போகிற ரைஸ்மில் கணக்குப்பிள்ளை ஒருவரை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். மனுஷன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன ஞாயிறு விட்ட இடத்துக்குப் பின்னால்தான் ஆரம்பிப்பார். தினமும் கொஞ்சம், நடுவில் ஒரு தூக்கம்: இதை நான் டாக்டரின் கட்டுரையில் படிப்பதற்கு முன்பே அந்தக் கணக்குப்பிள்ளையிடம் பார்த்தாயிற்று.

கல்பனா சும்மா இருப்பாளா. "அக்கா ரிவர்ஸ் கியர்ல போறாங்க."

"வண்டி திரும்பணும்னா ரிவர்ஸ் எடுக்கணும்டி" என்றார் வசந்தா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வூட்டுக்காரரு டிரைவரு. எனக்குத் தெரியும்."

கணவர் போன பிறகு அவரைப் பற்றி வசந்தா சிரிப்போடு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை. ஒரு சாயங்காலம் வசந்தாவின் அண்ணன் மொபெட்டில் வந்து, மாடி ஏறி வந்துவிட்டார். நல்ல மனுஷன், தங்கைமேல் உயிர். அவருக்கு நான் செய்வது புரியவில்லை.

"டீச்சர், நல்லா அடிச்சிகினு இருந்தவள இன்னா பண்ணீங்க? வூட்ல வந்து தலை வலிக்குதுன்னு படுத்துக்குது. பழசு போச்சி, புதுசும் வரலன்னு அழுவுது."

"கொஞ்ச நாள் பொறுங்கண்ணா."

"கொஞ்ச நாள்தான டீச்சர் இருக்குது."

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவர் காதில் விழுந்தும் திரும்பவில்லை. கிழிந்த காகிதத்தில் ஏதோ ஒரு சொல்லில் நின்றுகொண்டிருந்தார். அடித்து முடித்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "முன்னாடி அடிக்கும்போது மனசு வூட்டச் சுத்திகினு இருக்கும்ணா. அடுப்புல இன்னா வச்சேன், சின்னவ வந்தாளா. இப்ப இங்கயே நிக்குது. அதான் வலிக்குது. வலிச்சா வலிக்கட்டும், நீ போ."

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வேகம் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. சுவரில் ஒட்டினோமே, அந்த வேகம் இல்லை. பாஸ் ஆவதற்கு எவ்வளவு வேண்டுமோ அந்தக் கோட்டில் நின்றது. ஒருநாள் கோட்டுக்கு மேலே, ஒருநாள் கீழே. இந்த வேகம் எந்தத் தாளை வைத்தாலும் வந்தது என்பதுதான் வித்தியாசம். நான் அவரிடம், "ஒரு நாளும் அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவசரப்படாமல் கோட்டைத் தாண்ட முடியுமா என்று எனக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் தேர்வுக்கு நாங்கள்தான் மிஷின்களைக் கொண்டுபோக வேண்டும். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மினி லாரியில் கோணி விரித்து, மிஷின்களை அடுக்கி, கயிறு கட்டி, மேலே ஆட்கள் உட்கார்ந்து, வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்குக் கொண்டுபோய் ஹாலில் இறக்குவோம். கூடவே மெக்கானிக்கும் வருவார். நடுவில் மிஷின் கோளாறு செய்தால், சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேறு மிஷின் வைக்க வேண்டும். போன நேரம் போனதுதான். வேகத் தாள் முழுக்கப் பத்து நிமிஷம். அதனால் மெக்கானிக்கும் நானும் ஜன்னலுக்கு வெளியே, உள்ளே பார்க்கும்படி நின்றுகொண்டோம்.

மணி அடித்தது. ஹால் முழுக்க மழை பிடித்ததுபோல் சத்தம். வசந்தா இரண்டாம் வரிசையில். தலை குனியாமல், கண் தாளில், நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

ஒரு வரி போயிருக்கும். இரண்டாவது வரியில் சட்டென்று நிறுத்தினார். இரண்டு கையையும் மிஷினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சுற்றிலும் மழை. நடுவில் அவர் மட்டும் சிலை மாதிரி.

"மிஷின் மாட்டிக்கிச்சி டீச்சர்" என்றார் மெக்கானிக். கையில் ஸ்க்ரூ டிரைவர் வந்துவிட்டது. "நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

அவர் கதவுப் பக்கம் ஓரடி வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். மிஷின் சிக்கியிருந்தால் வசந்தா கையைத் தூக்குவார்; அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் தூக்கவில்லை. மிஷினைப் பார்க்கக்கூட இல்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒருவர் அவர் தோளைத் தொட்டால், அவர் தலைக்குள் என்ன நடக்கிறதோ அது கலைந்துவிடும். ஆனால் உண்மையிலேயே மிஷின்தான் என்றால், நான் பிடித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நொடியும் அவருடைய வேலையிலிருந்து போகிறது.

"டீச்சர், டைம் போவுது."

"இருங்க."

"நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"என்னைக் கேக்கச் சொல்லுங்க. இருங்க."

எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீண்ட நேரமாக இருந்திருக்க முடியாது. வசந்தா ஒரு மூச்சு இழுத்துவிட்டு, கைகளை மடியிலிருந்து எடுத்து மறுபடி மிஷின்மேல் வைத்தார். டக், டக், டக். மெதுவாக, ஒரே சீராக. மணி. வண்டி. அடுத்த வரி. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்; அதில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை, டீ குடிக்கப் போகலாமா என்பதுதான் இருந்தது.

முடிந்து வெளியே வந்தபோது வசந்தாவின் ஜாக்கெட் நனைந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பாதி டீ குடித்த பிறகுதான் பேசினார்.

"இந்தியா ஒரு விவசாய நாடு. இதான் டீச்சர் முதல் வரி. நம்ம கட்டுல இருந்த பழைய தாள் ஒண்ணும் இப்படியேதான் ஆரம்பிக்கும். கண்ணு பாத்துச்சோ இல்லியோ, கை ஓடிப்போச்சி. ரெண்டாவது வரியில கண்ணு ஒண்ணு சொல்லுது, கை வேற ஒண்ண அடிக்குது. உள்ளுக்குள்ள பழைய தாள் அப்படியே வந்து நிக்குது, வா வான்னு. போனா ஜம்முனு போயிடலாம், ஒரு தப்பு இருக்காது. ஆனா அது வேற தாளு."

"அப்பறம்?"

"பொங்குற பால எறக்கி வைக்கிறா மாதிரி கைய எறக்கி வச்சிட்டேன். கொஞ்சம் அடங்கட்டும்னு. அப்பறம் முதல் எழுத்துலருந்து பாத்தேன். கடலைப் பேப்பர்னு நெனச்சிகினு அடிச்சேன்."

பிள்ளைகளே, என் வேலைக் காலத்தில் எத்தனையோ பேர் வேகமாக அடித்துப் பார்த்திருக்கிறேன். சுகமாக ஓடிக்கொண்டிருக்கிற கையை, அது தப்பான இடத்துக்கு ஓடுகிறது என்று தெரிந்து, அத்தனை சத்தத்துக்கு நடுவில், பிழைப்பே அந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கும்போது நிறுத்தினவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். பழைய தடம் அழிந்துவிடவில்லை. அது அங்கேயேதான் இருந்தது, இன்னும் பலமாக. அதற்குப் பக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் இன்னொன்று முளைத்திருந்தது: நிறுத்திப் பார்க்கிற பழக்கம். அதுவும் பயிற்சியில் வந்ததுதான். கிழிந்த காகிதத்தின் ஓரத்தில், ஒவ்வொரு முறையும், தடுமாறித் தடுமாறி வந்தது.

ஆகவே உங்கள் மாணவர் ஒருவர் திடீரென்று பிரமாதமாகச் செய்தால், கை தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டிவிட்டு, அவர் பார்த்திராத ஒன்றை எதிரில் வையுங்கள். அப்போது என்ன வருகிறதோ அதுதான் அவர் கற்றது. தடுமாறுகிறவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவருக்குள் ஏதோ கட்டப்படுகிற நேரம் அது; வெளியே பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கும்.

ரிசல்ட் வந்தது. இரண்டாம் வகுப்பு. வசந்தாவின் அண்ணன் மொபெட்டில் வந்து, ஒரு டப்பா மைசூர்பாக்கை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினார். பாதிப் படியில் நின்று, "தலைவலி போயிடுச்சாம் டீச்சர்" என்றார். வசந்தா வேலையில் சேர்ந்தார். பெரியவள் நர்சிங் படித்தாள், சின்னவள் காலேஜ் முடித்தாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் நிலையத்திலும் ஒன்றை வாங்கி வைத்தேன். வாங்கினது வாங்கினபடி, தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். யாராவது கேட்டால், சொல்லிக்கொடுக்க ஆள் வரப்போகிறார் என்பேன். உண்மையில் எனக்கு அதைத் தொடப் பயம். எத்தனையோ வருஷம் கை பழகின மிஷினில் நான் ராணி. இதில் ஒரு விரல் வைத்தால் என் மாணவர்கள் முன்னால் என்ன ஆவேனோ.

ஒரு மத்தியானம் வசந்தா வந்தார். தலையில் நரை, கையில் டிபன் கேரியர், ஆபீசிலிருந்து நேராக.

"டீச்சர், ஆபீஸ்ல இனிமே கம்ப்யூட்டர்லதான் அடிக்கணுமாம். அதுல புதுசா ஒரு கீபோர்டு. இதுல எழுத்த முதல்ல அடிச்சிட்டு, புள்ளிய அப்பறம் வைக்கணுமாம். தலைகீழ்."

"எனக்கும் தெரியாது வசந்தாம்மா" என்றேன். அவரிடம் அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இல்லை.

அவர் நேராகப் போய் அந்தத் துணியை உருவினார்.

"தெரியாதுன்னா இன்னா. நகருங்க, எனக்கும் கொஞ்சம் எடம் வேணும்."

ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தோம். முதலில் அவர் பெயரை அடிக்கப் பார்த்தோம். பழக்க தோஷத்தில் என் விரல் புள்ளியை முதலில் தட்டியது. திரையில் புள்ளி எழுத்தில்லாமல் தனியாக நின்றது. அவர் அழித்தார். அவர் விரலும் அதையே செய்தது. நான் அழித்தேன். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் படியேறி வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்கள் நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தோம்.